முன்பு எங்கே படித்தீர்கள்? கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரி ஒன்றின் கோடை வகுப்பு குறித்து

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றில் பொறியியல் படிக்கும் என் மகள், இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு மே மாதக் கடைசியில் புதுச்சேரிக்கு வந்தாள். கத்திரி வெயில் முடியாத அந்த நாட்களில் வந்தவள், ஆகஸ்டு நடுவில் திரும்பிச் செல்லும் வரை லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தபடியே, அந்த மாநிலத்தின் சமுதாயக் கல்லூரி ஒன்று இணையவழியாக நடத்திய எட்டு வாரக் கோடை வகுப்பில் நான்கு கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட பல மாறிகளின் நுண்கணிதம் (கால்குலஸ்) என்ற பாடத்தைப் படித்து முடித்தாள். அரசு மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், அந்தப் பாடத்தை நானும் அவளுடன் அமர்ந்து ஏறக்குறைய முழுவதும் பார்த்தேன். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் பலர் இந்த வழியைப் பற்றி என்னிடம் கேட்பதால், கண்டதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கல்லூரியின் பெயரைத் தவிர்க்கிறேன். கலிபோர்னியாவில் இத்தகைய பொதுக் கல்லூரிகள் 116 உள்ளன. அவற்றின் சேர்க்கைப் படிவமும் அடிப்படை விதிகளும் பெரும்பாலும் ஒன்றே.

எங்கள் ஊரில் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் புதிதன்று. புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரி இதே லாஸ்பேட்டையில்தான் இருக்கிறது. இந்தியாவில் இந்த முயற்சியின் தொடக்கமாக அதைக் குறிப்பிடுவார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் தொழில் சார்ந்த படிப்புகளுக்கு அங்கே போவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அதனால் என் மகள் கோடையில் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னதும், பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஏதோ சிக்கல் வந்துவிட்டதோ என்று என் அண்ணன் கவலையோடு விசாரித்தார். அந்தக் கவலைக்கு இடமில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க, அங்கே கோடையில் மட்டும் வந்து படித்துவிட்டுப் போகும் மாணவர்கள் யார், அவர்கள் அதற்கு முன் எங்கே படித்தவர்கள் என்பதை விளக்க வேண்டியிருந்தது. இந்தச் சேவை யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதும் அந்தக் கேள்வியின் விடையில்தான் இருக்கிறது.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி என்பது அடிப்படையில் இரண்டாண்டுக் கல்லூரி. 1901இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கப்பட்ட கல்லூரியே இன்று வரை இயங்கிவரும் அத்தகைய பொதுக் கல்லூரிகளுள் மிகப் பழையது. உள்ளூர் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை அங்கே முடித்துவிட்டு, நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வது வழக்கமான பாதை. கோடையில் இந்தப் போக்குவரத்து எதிர்த்திசையிலும் நடக்கிறது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு பாடத்தையோ இரண்டு பாடங்களையோ இங்கே முடித்து, அந்தக் கிரெடிட்டை எடுத்துக்கொண்டு தங்கள் பல்கலைக்கழகத்துக்கே திரும்புகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கைத் தரவுகளைத் திரட்டும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்பு, 2005இல் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் சுமார் 5 விழுக்காட்டினர் கோடையில் மட்டும் இரண்டாண்டுக் கல்லூரிக்குச் சென்று திரும்பியவர்கள் என்றும், அப்படிச் சென்றவர்களில் முக்கால் பங்கினருக்கு மேல் தாங்கள் முதலில் சேர்ந்த இடத்திலேயே பட்டம் பெற்றார்கள் என்றும், இரண்டாண்டுக் கல்லூரிப் பக்கமே போகாதவர்களிடையே அந்த அளவு இதைவிடத் தெளிவாகக் குறைவு என்றும் அது காட்டியது. கோடை வகுப்புதான் அவர்களைப் பட்டம் வரை கொண்டுபோனது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. விடுமுறையிலும் படிக்க வருகிறவர்கள் இயல்பிலேயே முனைப்பானவர்களாக இருக்கலாம். ஆயினும், கோடையில் அங்கே போவது பின்தங்கியவர்களின் அடையாளம் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது போதும். என் அண்ணனிடமும் இதையே சொன்னேன்.

சேர்க்கைப் படிவத்தை ஏப்ரலிலேயே நிரப்பினோம். அதில் மாணவர் தம் நிலையைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு: பள்ளிப் படிப்புக்குப் பின் முதன்முறையாகக் கல்லூரிக்கு வருபவர், வேறு கல்லூரியில் படித்துவிட்டு இந்தக் கல்லூரிக்கு முதன்முறையாக வருபவர், இங்கேயே முன்பு படித்துத் திரும்பி வருபவர், பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடமும் எடுப்பவர். கல்வி நோக்கத்தைக் கேட்கும் பட்டியலில், நான்காண்டுக் கல்லூரியில் படித்துக்கொண்டு அதன் தேவைக்காகப் பாடம் எடுக்க வருபவர் என்று தனியாகவே ஒரு தெரிவு இருக்கிறது. முன்பு படித்த கல்லூரிகளின் பெயர்களையும் காலத்தையும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் மேல்நிலைப் பள்ளி முடித்தவர்களுக்கும் தனித் தெரிவு உண்டு. புதுச்சேரியில் பிளஸ் டூ படித்ததை அங்கே குறித்தோம். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கும் படிவத்தைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே வந்தது. ஒரு மாணவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்துகொண்டு பேசும் நிறுவனம் இது என்று நினைத்தேன்.

அந்த நம்பிக்கை சேர்க்கைப் பிரிவோடு நின்றுவிட்டது. பல மாறிகளின் நுண்கணிதத்தை எடுக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய கால்குலஸ் பாடத்தில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. வேறிடத்தில் தேறியவர்கள் அந்த இடத்தின் டிரான்ஸ்கிரிப்டை (படித்த பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய சான்று) பதிவேற்றி, முன்தகுதியைச் சரிபார்க்கச் செய்து, அதன் பிறகே வகுப்பில் பதிவு செய்ய முடியும். விதியில் தவறில்லை, நானும் பள்ளியில் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் நாங்கள் அனுப்பிய டிரான்ஸ்கிரிப்ட் பல நாட்கள் கவனிக்கப்படாமல் கிடந்தது. பிறகு, முதன்முறைக் கல்லூரி மாணவருக்கு அனுப்பும் அறிமுக வகுப்புக்கும் கல்வித் திட்டம் வகுக்கும் சந்திப்புக்கும் அவளை அழைத்து மின்னஞ்சல்கள் வந்தன. படிவத்தில் தெளிவாக எழுதியிருந்த பல்கலைக்கழகப் பெயர், முன்தகுதியைச் சரிபார்க்கும் மேசைக்குப் போய்ச் சேரவே இல்லை. மகள் மூன்று முறை எழுதி, ஒரு முறை தொலைபேசியில் பேசிய பிறகுதான் ஓர் ஆலோசகர் அதைக் கண்டு சரிசெய்தார். அதற்குள் வகுப்பு நிரம்பி, காத்திருப்புப் பட்டியலில்தான் இடம் கிடைத்தது. அந்தக் கல்லூரியின் தொடர் மாணவர்களுக்குப் பதிவில் முன்னுரிமை உண்டு, வெளியிலிருந்து வருபவர்களின் முறை கடைசியில் வரும் என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அந்தக் கடைசி முறையும் தாள் தேங்கியதால் தவறிப்போனது என்பதே என் குறை. வகுப்பு தொடங்குவதற்கு நான்கு நாட்களுக்கு முன் யாரோ விலகியதால் இடம் வந்தது.

கட்டணத்தைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்குக் கிரெடிட்டுக்கு 46 டாலர் என்பது 2012 முதல் இருந்துவரும் கட்டணம். அந்தக் கணக்கில் இந்தப் பாடம் 184 டாலருக்கு முடியும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் அந்த மாநில வாசிகளாகக் கருதப்படுவதில்லை. அதே 46 டாலரோடு வெளியாருக்கான கூடுதல் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். எங்களுக்கு மொத்தம் ஆயிரம் டாலரைத் தாண்டியது. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கோடை வகுப்போடும், கோடை முழுவதும் அங்கேயே தங்கினால் ஆகும் அறை வாடகையோடும் ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் சொல்லும் தொகையை நம்பி ரூபாயில் கணக்குப் போட்டுவிட வேண்டாம். விசாவைப் பொறுத்தவரை, ஒரு கல்வியாண்டை முடித்த மாணவருக்குக் கோடை விடுமுறைக் காலமாகவே கொள்ளப்படுகிறது. இலையுதிர் காலத்தில் தன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவதாக இருந்தால் போதும். அதற்கு ஒரு கடிதத்தைப் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகம் இரண்டே நாளில் கொடுத்தது.

இனி வகுப்பு. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும்.

முதல் வாரத்தில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார். பெயரும் ஊரும் கேட்டதோடு, இதற்கு முந்தைய கால்குலஸ் பாடத்தை எங்கே, எப்போது படித்தீர்கள் என்றும் கேட்டார். பதில்களை மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். பாதிக்கு மேற்பட்டவர்கள் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டு, விடுமுறையில் வீட்டிலிருந்து இந்தப் பாடத்தை முடிக்க வந்தவர்கள். சிலர் அந்த மாநிலத்தின் வேறு சமுதாயக் கல்லூரிகளில் படிப்பவர்கள். அங்கே கோடையில் இந்தப் பாடம் நடக்காததால் இங்கே வந்தவர்கள். பள்ளி மாணவர்கள் இருவர், பள்ளியில் கிடைக்கும் உயர்நிலைக் கணிதம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்ததைத் தேடி வந்திருந்தார்கள். பட்டம் பெற்றுப் பத்தாண்டு வேலை செய்துவிட்டு, மேற்படிப்புக்குத் தகுதி பெற இந்த ஒரு பாடம் குறைகிறது என்று ஒரு பெண்மணி சேர்ந்திருந்தார். அந்தக் கல்லூரியிலேயே ஆண்டு முழுவதும் படிப்பவர்கள் மிகச் சிலரே.

இந்தப் பதில்களை ஆசிரியர் வெறும் சடங்காகக் கேட்கவில்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. திசையன்களும் முப்பரிமாண வடிவியலும் பற்றிய முதல் அலகுக்கு முன், இருபது நிமிடத் தேர்வு ஒன்றை மதிப்பெண் இல்லாமல் வைத்தார். நம் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இவை இரண்டும் பன்னிரண்டாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. என் மகள் அந்தத் தேர்வை எளிதாக முடித்தாள். அமெரிக்காவில் பலர் திசையன்களின் புள்ளிப் பெருக்கத்தையும் குறுக்குப் பெருக்கத்தையும் முறையாகச் சந்திப்பதே இந்தப் பாடத்தில்தான். ஏற்கெனவே தெரிந்தவர்களை அடுத்த அலகின் கடினமான பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, தெரியாதவர்களுக்குக் கூடுதல் விளக்கக் காணொலிகளை அவர் கொடுத்தார். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே பயிற்சித் தாளை எல்லோருக்கும் கொடுத்துப் பழகிய எனக்கு, எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பார்த்துப் பாடத்தைப் பிரிக்க முடியும் என்பதே ஒரு பாடமாக இருந்தது.

ஐந்தாம் வாரத்தில் கோள ஆயத்தொலைகள் வந்தபோது இதன் அருமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்கக் கணித நூல்கள் மேல்நோக்கிய அச்சிலிருந்து அளக்கும் கோணத்துக்கு ஃபை என்றும், கிடைத்தளத்தில் சுற்றும் கோணத்துக்குத் தீட்டா என்றும் பெயரிடுகின்றன. இயற்பியல் நூல்கள் இவற்றை இடம் மாற்றி எழுதுகின்றன. பல்கலைக்கழகத்தில் மின்காந்தவியலை முன்பே படித்தவர்கள் ஒரு முறையிலும், கணிதத் துறை வழியே வந்தவர்கள் மறு முறையிலும் எழுத, ஒரே கணக்குக்கு இரண்டு விதமான விடைத்தாள்கள் வந்தன. சைன் என்ற கோணச் சார்பு தவறான கோணத்தில் ஏறினால் கன அளவு முழுதும் பிழையாகிவிடும். ஆசிரியர் இதை முன்கூட்டியே எதிர்பார்த்து, இரண்டு குறியீடுகளையும் ஒரே படத்தில் வரைந்து காட்டி, எந்த முறையில் எழுதினாலும் முதல் வரியில் அதை அறிவித்துவிட்டால் மதிப்பெண் தருவதாகச் சொன்னார். பல ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களை ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியவர்களுக்குத்தான் இந்த நிதானம் வரும்.

வேகம் இந்தப் படிப்பின் பெரிய குறை. கலிபோர்னிய விதிப்படி ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பு, வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்த்துக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு வேண்டும். நான்கு கிரெடிட்டுக்கு 192 மணி. எட்டு வாரத்தில் அதை முடிக்க வாரத்துக்கு 24 மணி நேரம் இந்த ஒரு பாடத்துக்கே போகிறது. முதல் நான்கு வாரங்கள் இதைத் தாங்கின. பகுதி வகைக்கெழுக்களும் லக்ராஞ்சின் பெருக்கிகளும் அமைதியாகவே நடந்தன. கடைசி இரண்டு வாரங்களில் கோட்டுத் தொகையீடு, பரப்புத் தொகையீடு, கிரீன் தேற்றம், ஸ்டோக்ஸ் தேற்றம், காஸின் விரிவுத் தேற்றம் ஆகிய அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பொறியியல் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தின் சாரமே அந்தக் கடைசிப் பகுதிதான். பாய்ம இயக்கவியலுக்கும் மின்காந்தவியலுக்கும் அதுவே அடித்தளம். அதை அவசரமாகக் கடந்தது எனக்கு வருத்தமே. மகள் தேறிவிட்டாள் என்றாலும், ஸ்டோக்ஸ் தேற்றத்தில் பரப்பின் திசையை எப்படித் தேர்வது என்பதை வகுப்பு முடிந்த பின் நாங்கள் இருவரும் மீண்டும் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. கோடையில் இந்தப் பாடத்தை எடுப்பவர்கள், பள்ளியில் திசையன்கள் நன்றாகத் தெரிந்தவர்களாக இருந்தால் மட்டுமே முதல் வாரங்களில் மிச்சமாகும் நேரத்தைக் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள்ள முடியும்.

நேர வித்தியாசம் நான் அஞ்சிய அளவுக்குத் தொல்லை தரவில்லை. கோடையில் கலிபோர்னியாவை விட நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே இரவு 11.59க்கு ஒப்படைக்க வேண்டிய வீட்டுப் பாடம் இங்கே மறுநாள் பகல் 12.29க்கு முடிகிறது. அதனால் காலை வேளையில் எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுப்ப முடிந்தது. பாடங்கள் பதிவு செய்யப்பட்ட காணொலிகளாக இருந்தன. ஆசிரியரோடு நேரலையில் பேசும் நேரம் மட்டும் அங்கே நண்பகலில் இருந்ததால் இங்கே நள்ளிரவுக்குப் பின் 12.30 ஆனது, என் மகள் நான்கு முறை விழித்திருந்து கலந்துகொண்டாள். மாலையில் ஒரு நேரம் வைக்க முடியுமா என்று அவள் கேட்டபோது, அவளைப் போலவே வேறு நேர மண்டலங்களில் இருப்பவர்கள் வகுப்பில் உண்டு என்பதை அறிந்து, வாரத்தில் ஒரு நாள் அங்கே மாலை ஆறு மணிக்கு ஆசிரியர் மாற்றிக்கொண்டார். அது இங்கே காலை 6.30.

இறுதித் தேர்வு கேமரா மேற்பார்வையில் நடந்தது. அடையாள அட்டையைக் காட்டி, அறையைச் சுற்றிக் காட்டிய பிறகே வினாத்தாள் திறக்கும். எங்களுக்கு இரவு 9.30க்கு அது தொடங்கியது. ஆடி மாதக் காற்றும் மழையும் சேர்ந்த அந்த வாரத்தில் மின்சாரம் அடிக்கடி போய்க்கொண்டிருந்ததால், இன்வெர்ட்டரின் பேட்டரியை முந்தைய நாளே மாற்றி, கைப்பேசியின் இணையத்தையும் தயாராக வைத்திருந்தோம். இடையில் ஒரு முறை இணைப்பு விட்டுப்போய் இரண்டு நிமிடத்தில் திரும்பியது. ஆசிரியருக்கு உடனே எழுதியதும், இழந்த நேரத்தை அவர் சேர்த்துக் கொடுத்தார். இந்த மென்பொருள் மேற்பார்வை பதினெட்டு வயதுப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் தலை திருப்பாமல் உட்கார வைப்பதை ஆசிரியை என்ற முறையில் நான் விரும்பவில்லை. நேர்மையான மாணவரும் அதில் பயந்தே எழுதுகிறார்.

பாடம் முடிந்த பின்னும் வேலை முடியவில்லை. கிரெடிட் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இந்தக் கோடைக்குப் பொருள். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை அந்த மாநிலத்தின் அசிஸ்ட் என்ற அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டுவதற்கு முன்பே நாங்கள் அதைப் பார்த்திருந்தோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சி அல்லது அதற்கு மேற்பட்ட கிரேடு பெற்றால் கிரெடிட் ஏற்கப்படும். கிரேடு அங்கே கணக்கிடும் சராசரியில் சேராது. நன்றாகப் படித்து ஏ வாங்கினாலும் சராசரி உயராது என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பியதில் மீண்டும் ஒரு தடை. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, கிரேடு பதிவான பிறகு அனுப்பு என்ற தெரிவு பக்கத்தின் கீழே தனியாக இருந்தது. அதைத் தேர்வு செய்த போதிலும், கிரேடு இல்லாத வெற்றுத் தாள் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தது. மகள் விமானம் ஏறும் நாளில்தான் இது தெரிந்தது. அடுத்த செமஸ்டரின் பாடத்துக்கு இது முன்தகுதி என்பதால், கிரேடு தெரியும் பக்கத்தைத் துறை அலுவலகத்தில் காட்டித் தற்காலிக அனுமதி பெற வேண்டியிருந்தது. இரண்டாம் முறை அனுப்பியதற்குக் கல்லூரி கட்டணம் வாங்கவில்லை. ஆனால் வருத்தமும் தெரிவிக்கவில்லை. கோடையில் வருபவர்களில் இத்தனை பேர் வேறு கல்லூரிக்குத் திரும்புகிறவர்கள் என்று தெரிந்திருக்கும்போது, அந்தத் தாளை விரைவாகவும் பிழையில்லாமலும் அனுப்புவது கல்லூரியின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

செப்டம்பரில், நீங்கள் ஏன் இலையுதிர் பருவத்துக்குப் பதிவு செய்யவில்லை, படிப்பைத் தொடர உதவி வேண்டுமா என்று கேட்டு அந்தக் கல்லூரியிலிருந்து இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. அக்கறையான சொற்கள்தான். இடையில் நின்றுபோகும் ஏழை மாணவர்களைத் தேடிப் பிடிப்பதற்காக எழுதப்படுபவை அவை. அந்த வேலையின் மதிப்பை நான் அறிவேன். பத்தாம் வகுப்புக்குப் பின் வராமல் போன பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே முத்தியால்பேட்டைத் தெருக்களில் நடந்து போயிருக்கிறேன். ஆனால் ஏப்ரல் படிவத்தில் அவள் குறித்திருந்த நோக்கத்தை யாராவது பார்த்திருந்தால், அந்த மின்னஞ்சல்கள் உண்மையில் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் போயிருக்கும். கோடையோடு போய்விட்டவர்களைப் படிப்பை விட்டவர்கள் என்று எண்ணிவிடாமல் இருக்க, அவர்கள் முன்பு எங்கே படித்தார்கள், பிறகு எங்கே படிக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கான தரவு கிளியரிங்ஹவுஸிலேயே இருக்கிறது.

புதுச்சேரிக் கல்லூரிகளில் படிக்கும் என் பழைய மாணவர்களை நினைத்துக்கொள்கிறேன். ஒரு தாளில் அரியர் வைத்தவர் அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டியதே இங்கே பெரும்பாலும் வழக்கம். வெவ்வேறு நிறுவனங்களில் பெற்ற கிரெடிட்டைச் சேமித்துவைக்க 2021இல் தொடங்கிய கிரெடிட் வங்கித் திட்டமும், ஒரு படிப்பின் பாடங்களில் 40 விழுக்காடு வரை மைய அரசின் ஸ்வயம் இணையப் பாடங்கள் வழியே ஏற்கலாம் என்ற விதியும் வந்த பிறகும், மே, ஜூன் மாதங்களில் ஓர் ஆசிரியர் முன் அமர்ந்து ஒரே ஒரு பாடத்தை முடித்து அதைத் தம் கல்லூரிக்கு எடுத்துச் செல்லும் வசதி நம் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. லாஸ்பேட்டையிலேயே அதற்கான கட்டடங்கள் கோடை முழுவதும் காலியாக இருக்கின்றன.

ஆசிரியருக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், அலுவலகத்துக்கு இரண்டு. பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் குறைவதால் அடுத்த ஆண்டின் வரிசை முழுவதும் தள்ளிப்போகும் நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். மார்ச் மாதமே டிரான்ஸ்கிரிப்டை அனுப்பி முன்தகுதியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மறுமொழி வரும் வரை வாரம் ஒரு முறை எழுதுங்கள். கல்லூரிக் கணக்கின் கடவுச்சொல்லை மறக்காமல் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது படித்த கல்லூரிகள் அனைத்தையும் எழுத வேண்டும் என்பதால், எட்டே வாரம் படித்த இந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டும் தேவைப்படும். அக்டோபரில் என் மகளின் பல்கலைக்கழகப் பதிவேட்டில், முன்பு படித்த நிறுவனங்கள் என்ற பகுதியில், புதுச்சேரியில் அவள் படித்த பள்ளியின் பெயருக்குக் கீழே இந்தக் கல்லூரியின் பெயரும் நான்கு கிரெடிட்டும் ஏறியிருந்தன.